பிரெஞ்சுப் பெயரடை பொருந்தாமல் போகும்போது: அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் வழிமுறை

புதுச்சேரியில் ‘அலியான்ஸ் ஃப்ரான்சேஸ்’ என்ற மொழிக்கூடமும் உண்டு, ‘லிசே ஃப்ரான்சே’ என்ற பள்ளிக்கூடமும் உண்டு. பிரெஞ்சு நாட்டோடு தொடர்புடையது என்னும் ஒரே பொருளைத் தரும் அந்தப் பெயரடை, முதல் பெயரில் ஸகரம் ஒலிக்க முடிகிறது, இரண்டாவதில் அந்த ஒலி இல்லாமல் முடிகிறது. ‘அலியான்ஸ்’ பெண்பால் பெயர்ச்சொல், ‘லிசே’ ஆண்பால் பெயர்ச்சொல் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். பெயர்ச்சொல்லின் பாலையும் எண்ணையும் பார்த்துப் பெயரடை தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும் இந்த இயைபில்தான் தமிழ் மாணவர்களின் பிரெஞ்சு விடைத்தாள்களில் சிவப்பு வட்டங்கள் மிகுதியாக விழுகின்றன.

பிழை விழுந்தவுடன் பெரும்பாலோர் செய்வது, பெயரடைகளின் பெண்பால் வடிவப் பட்டியலை எடுத்து மறுபடி மனப்பாடம் செய்வதாகும். இது பல நேரங்களில் பயன் தருவதில்லை, ஏனெனில் பிழை வடிவத்தில் இருப்பதைவிட அதற்கு முந்தைய படிகளில் இருப்பதே அதிகம். ஒவ்வொரு பெயரடைக்கும் நான்கு கேள்விகள் உண்டு. இது எந்தப் பெயர்ச்சொல்லைச் சார்ந்தது? அந்தப் பெயர்ச்சொல்லின் பால் என்ன? அது ஒருமையா, பன்மையா? இந்த மூன்றுக்கும் ஏற்ற வடிவம் எப்படி எழுதப்படும்? இவற்றை இதே வரிசையில் கேட்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியும் இந்த நான்கில் எது தவறியது என்பதைக் காட்டுவதற்காகவே பிரிக்கப்பட்டுள்ளது.

பிரெஞ்சுச் சொற்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எழுத்துகளைக் குறிப்பிட வேண்டிய இடங்களில் நமக்குப் பழகிய ஆங்கில எழுத்துப் பெயர்களான ஈ, எஸ், எக்ஸ் முதலியவற்றையே பயன்படுத்துகிறேன்.

அறிகுறி: எல்லாப் பெயரடைகளும் மாறாமல் ஆண்பால் ஒருமையிலேயே நிற்கின்றன

‘சிறிய வீடு’ என்பதற்கு ‘யூன் பெத்தி மேசோன்’ என்றும், ‘பச்சை மேசை’ என்பதற்கு ‘யூன் தாப்ல் வேர்’ என்றும் எழுதியிருந்தால் அது தமிழின் பழக்கம். நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடுகள் என்று எங்கு வந்தாலும் ‘நல்ல’ மாறுவதில்லை. பெயருக்கு முன் வரும் அடை உருமாறாது என்ற உள்ளுணர்வு நமக்கு அத்தனை ஆழமானது.

ஆனால் தமிழுக்கு இயைபு புதியதன்று. அதே சொல் பயனிலையாக வரும்போது ‘அவன் நல்லவன்’, ‘அவள் நல்லவள்’, ‘அவர்கள் நல்லவர்கள்’ என்று பாலும் எண்ணும் காட்டியே தீர வேண்டியிருக்கிறது. பிரெஞ்சு மொழி ‘நல்லவள்’ என்ற இடத்தில் நாம் செய்வதைப் பெயருக்கு முன்னும் பின்னும் எல்லா இடங்களிலும் செய்கிறது என்று எண்ணிக்கொண்டால் போதும். ‘யூன் பெத்தித் மேசோன்’, ‘யூன் தாப்ல் வேர்த்’ என்று எழுத வேண்டும். பொதுவிதி எளிது: ஆண்பால் வடிவத்தோடு பெண்பாலுக்கு ஒரு ஈயும், பன்மைக்கு ஒரு எஸும், பெண்பால் பன்மைக்கு இரண்டும் சேர வேண்டும். ‘ரூழ்’ (சிவப்பு), ‘ஃபசீல்’ (எளிய) போல ஆண்பாலிலேயே ஈயில் முடியும் சொற்களுக்குப் பெண்பால் ஒருமையில் எந்த மாற்றமும் இல்லை. ‘கிரீ’ (சாம்பல் நிறம்) போல எஸில் முடிபவையும், ‘சேரியே’ (பொறுப்பான) போல எக்ஸில் முடிபவையும் ஆண்பால் பன்மையில் அப்படியே நிற்கும்.

அறிகுறி: பெயரடையை மாற்றினேன், ஆனாலும் தவறு என்கிறார்கள்

இங்கே பெயரடையின் மேல் குற்றமில்லை. பெயர்ச்சொல்லின் பால் தவறாக நினைவில் இருக்கிறது. தமிழில் உயிரற்ற பொருள்கள் அனைத்தும் அஃறிணைக்குள் அடங்கிவிடுகின்றன. பிரெஞ்சில் அஃறிணை என்ற மூன்றாவது இடம் கிடையாது. புத்தகம் ஆண்பால், மேசை பெண்பால், சுவர் ஆண்பால், கதவு பெண்பால் என்று ஒவ்வொன்றும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பொருளில் காரணம் தேடுவது வீண்வேலை. ஆகவே ‘மேசோன்’ என்று தனியாகக் கற்காமல் ‘யூன் மேசோன்’ என்று கட்டுச்சொல்லோடு (பெயருக்கு முன் வரும் ‘ஒரு’ போன்ற சொல்: ஆண்பாலுக்கு ‘அன்’, பெண்பாலுக்கு ‘யூன்’) சேர்த்தே கற்க வேண்டும். ‘லா மேசோன்’ என்று கற்றாலும் சரியே. ஆனால் ‘லா’ வழியாகக் கற்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. உயிரொலியில் தொடங்கும் சொற்களுக்கு முன் ஆண்பாலின் ‘ல’, பெண்பாலின் ‘லா’ இரண்டுமே ‘ல்’ என்று சுருங்கிவிடுவதால் ‘லெகோல்’ (பள்ளி), ‘லோ’ (தண்ணீர்), ‘லார்ப்ர்’ (மரம்) ஆகியவற்றில் பால் மறைந்துபோகிறது. முதல் இரண்டும் பெண்பால், மூன்றாவது ஆண்பால் என்பது அந்த வடிவங்களைப் பார்த்தால் தெரியாது. ‘யூன் எகோல்’, ‘அன்னார்ப்ர்’ என்று கற்றவருக்குத் தெரியும்.

இதைவிடக் கபடமானது ‘மோன்’ என்னும் உடைமைச்சொல். ‘என்’ என்பதற்கு ஆண்பால் பெயருக்கு முன் ‘மோன்’, பெண்பால் பெயருக்கு முன் ‘மா’ என்று பாடத்தில் சொல்லித் தருவார்கள். பெண்பால் பெயர் உயிரொலியில் தொடங்கினால் ‘மா’ மறைந்து அங்கும் ‘மோன்’ வந்துவிடும் என்பதைச் சிறு குறிப்பாகக் கடந்துவிடுவார்கள். அதனால் ‘மோன் எகோல் ஏ பெத்தி’ (என் பள்ளி சிறியது) என்று எழுதும் மாணவர் தர்க்கப்படி சரியாகவே சிந்தித்திருக்கிறார். ‘மோன்’ கண்டார், ஆண்பால் என்று முடிவு செய்தார். பெண்பால் என்பதால் ‘மோன் எகோல் ஏ பெத்தித்’ என்பதே சரி. ‘தோன்’ (உன்), ‘சோன்’ (அவனுடைய, அவளுடைய) இரண்டும் இதே வேலையைச் செய்யும். உயிரொலிக்கு முன் நிற்கும் ‘மோன்’ எதற்கும் சாட்சி ஆகாது.

பால் நினைவில் இல்லாதபோது சொல்லின் ஈறு ஓரளவு உதவும். ‘-சியோன்’ அல்லது ‘-தியோன்’ என்று ஒலித்து முடியும் ‘நசியோன்’ (நாடு), ‘கெஸ்தியோன்’ (கேள்வி) போன்றவை ஏறத்தாழ எல்லாம் பெண்பால். ‘-மான்’ என்று முடியும் ‘குவேர்ன்மான்’ (அரசு) போன்ற பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால். ‘-ஆழ்’ என்று முடியும் ‘வுவயாழ்’ (பயணம்) ஆண்பால், ஆயினும் அதே ஈற்றில் முடியும் ‘பிளாழ்’ (கடற்கரை), ‘இமாழ்’ (படம்), ‘பாழ்’ (பக்கம்) மூன்றும் பெண்பால். கடைசியில் இரண்டு ஈ எழுத்துகள் சேர்ந்து வந்தால் பெண்பால் என்ற வழிகாட்டல் ‘இதே’ (எண்ணம்), ‘அனே’ (ஆண்டு) ஆகியவற்றுக்குச் சரியாக வரும். ‘லிசே’, ‘முசே’ (அருங்காட்சியகம்) இரண்டிலும் அதே ஈறு வந்தும் அவை ஆண்பாலே. புதுச்சேரிப் பள்ளியின் பெயர் ‘ஃப்ரான்சே’ என்று நிற்பது அதனால்தான்.

அறிகுறி: ஆணைப் பற்றி எழுதினேன், பெயரடையைப் பெண்பாலாக்கித் திருத்தியிருக்கிறார்கள்

தமிழில் ஆணைக் குறித்தால் ஆண்பால், பெண்ணைக் குறித்தால் பெண்பால், இதில் ஐயமே எழாது. பிரெஞ்சிலும் மனிதரைக் குறிக்கும் பெரும்பாலான சொற்கள் அப்படியே நடந்துகொள்கின்றன. ஆனால் ‘பெர்சோன்’ (நபர்), ‘விக்தீம்’ (பாதிக்கப்பட்டவர்), ‘வெதெத்’ (திரை நட்சத்திரம்) ஆகிய சொற்கள் யாரைக் குறித்தாலும் பெண்பால். உங்கள் தந்தையைப் பற்றிப் பேசும்போதும் ‘யூன் பெர்சோன் அந்தெலிழாந்த்’ என்றே வரும். பெயரடை மனிதரைப் பார்ப்பதில்லை, தனக்கு முன் உள்ள சொல்லைப் பார்க்கிறது. அடுத்த வாக்கியத்தில் ‘அவர்’ என்பதற்கு ‘இல்’ என்று மாறிவிட்டால் அங்கே ஆண்பால் திரும்பி வரும்.

அறிகுறி: பேசும்போது சரியாக வருகிறது, எழுதும்போது தவறுகிறது

பிரெஞ்சு எழுத்து காட்டும் வேறுபாடுகளில் ஒரு பகுதியைத்தான் நாக்கு காட்டுகிறது. ‘நுவார்’ (கறுப்பு), ‘ஷேர்’ (விலை கூடிய), ‘ழொலி’ (அழகான), ‘ப்ளே’ (நீலம்), ‘ஃபதிகே’ (களைத்த) ஆகியவை ஆண்பாலிலும் பெண்பாலிலும் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. ஈ எழுத்து தாளில் மட்டுமே சேர்கிறது. பன்மையின் எஸ் தனியாக நிற்கும்போது ஒலிப்பதே இல்லை. ஆகவே காதை நம்பி எழுதுகிறவர் இத்தகைய சொற்களில் ஈயையும் எஸையும் விட்டுவிடுவது இயல்பு. இந்த வகைச் சொற்களைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டு, எழுதி முடித்தபின் அவற்றை மட்டும் கண்ணால் தேடிச் சரிபார்ப்பதே வழி.

இதற்கு எதிர்த்திசையிலும் காது ஏமாற்றும். ‘பெத்தி’ என்ற சொல்லின் ஆண்பாலில் கடைசி டி (T) எழுத்து ஒலிப்பதில்லை, பெண்பாலில் ‘பெத்தித்’ என்று ஒலிக்கிறது. ஆனால் அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் ஒலியாத மெய் உயிர்பெற்று அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ‘சிறு குழந்தை’ என்பது ‘அன் பெத்தித் ஆன்ஃபான்’ என்று காதில் விழும். பெண்பால் என்று நினைத்து ஈ சேர்த்தால் தவறு. ‘அன் கிராந்தோம்’ (பெரிய மனிதர்) என்பதிலும் இதுவே நடக்கிறது. ‘போன்’ (நல்ல) என்பது மூக்கொலியோடு முடிவது, அதன் பெண்பால் ‘பொன்ன்’ என்று னகரம் முழுதாக ஒலிப்பது. ஆயினும் ‘நல்ல நண்பன்’ என்னும்போது ஆண்பாலே ‘அன் பொன்னாமி’ என்று ஒலித்து, பெண்பாலைப் போலவே கேட்கிறது. நமக்கு இது விளங்காத செய்தியன்று. ‘நல்லாசிரியர்’, ‘பல்லாண்டு’ என்று சொற்புணர்ச்சியில் ஒலிகள் ஒட்டுவதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். பெயரடையும் உயிரொலியும் சந்திக்கும் இடத்தில் காதில் கேட்ட மெய்யை வைத்துப் பாலை முடிவு செய்யக் கூடாது. கட்டுச்சொல் ‘அன்’ என்பதா ‘யூன்’ என்பதா என்று பார்க்க வேண்டும்.

அறிகுறி: பெண்பால் என்று தெரிகிறது, ஆனால் வடிவம் தவறாக அமைகிறது

நான்காவது கேள்வி இப்போதுதான் வருகிறது. பாடநூல்கள் ஆண்பாலிலிருந்து பெண்பாலை உருவாக்கச் சொல்கின்றன. நேர்மாறாகச் செய்வதே எனக்குச் சரியாகப்படுகிறது. ‘வேர்’ என்று மட்டும் கேட்டவருக்குப் பெண்பாலில் எந்த மெய் வரும் என்று தெரியாது. ‘வேர்த்’ என்று கேட்டவர் கடைசி மெய்யை விழுங்கினால் ஆண்பால் கிடைத்துவிடும். ‘கிராந்த்’ என்பதிலிருந்து ‘கிரான்’, ‘பிளான்ஷ்’ (வெள்ளை) என்பதிலிருந்து ‘பிளான்’, ‘ஃப்ரேஷ்’ (புதுமை மாறாத) என்பதிலிருந்து ‘ஃப்ரே’, ‘லோங்க்’ (நீண்ட) என்பதிலிருந்து ‘லோன்’, ‘தூஸ்’ (மென்மையான) என்பதிலிருந்து ‘தூ’ என்று, விதிவிலக்கு என்று பட்டியலிடப்படும் சொற்கள்கூடப் பெண்பாலில் தொடங்கினால் வரிசைக்கு வந்துவிடுகின்றன. புதிய பெயரடை கற்கும்போது பெண்பால் வடிவத்தை முதலில் வாயில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

மீதியுள்ளவை குடும்பங்களாக வருகின்றன. எக்ஸில் முடியும் ‘சேரியே’ பெண்பாலில் ‘சேரியேஸ்’ ஆகும். எஃப்பில் முடியும் ‘ஆக்தீஃப்’ (சுறுசுறுப்பான) ‘ஆக்தீவ்’ ஆகும். ‘அந்தியன்’ (இந்திய) என்பது ‘அந்தியென்’ ஆகும்போது ‘என்’ (N) எழுத்து இரட்டிக்கும். ‘போன்’ என்பதிலும் அப்படியே.

இரட்டிப்பதா வேண்டாமா என்ற குழப்பம் ‘ஏ’ என்று ஒலித்து டி எழுத்தில் முடிகிற சொற்களில்தான் மிகுதி. ‘முயே’ (ஊமையான) பெண்பாலில் டியை இரட்டிக்கும். ‘கோம்ப்ளே’ (முழுமையான), ‘திஸ்க்ரே’ (அடக்கமான), ‘செக்ரே’ (இரகசியமான), ‘அங்கியே’ (கவலைப்பட்ட), ‘கோங்க்ரே’ (பருப்பொருளான) ஆகியவை இரட்டிக்காமல், டிக்கு முன்னுள்ள ஈயின் தலையில் இடப்புறம் சாய்ந்த கோட்டைப் பெறும். இரண்டு வகையும் காதுக்கு ஒன்றே என்பதால் இந்த ஐந்தையும் கையால் எழுதிப் பழகுவதைத் தவிர வேறு வழியில்லை.

‘-ஏர்’ என்று ஒலித்து ஈ, யூ, ஆர் ஆகிய மூன்று எழுத்துகளில் முடியும் சொற்கள் மூன்று வழியில் பிரிகின்றன. ‘த்ரவையேர்’ (உழைப்பாளியான) ‘த்ரவையேஸ்’ ஆகும். ‘க்ரெயாதேர்’ (படைப்பாற்றல் உள்ள) ‘க்ரெயாத்ரீஸ்’ ஆகும். ‘மெய்யேர்’ (மேலும் நல்ல), ‘சுப்பேரியேர்’ (மேலான), ‘எக்ஸ்தேரியேர்’ (வெளிப்புற) ஆகியவை வெறுமனே ஓர் ஈயைச் சேர்த்துக்கொள்ளும். கடைசி வகைக்கு ஓர் அடையாளம் உண்டு. ஒன்றைவிட மேல், கீழ், முன், பின், உள், வெளி என்று ஒப்பிட்டுச் சொல்லும் பொருள் இருந்தால் ஈ மட்டும் சேரும். அவை இலத்தீன் மொழியின் ஒப்பீட்டு வடிவங்களிலிருந்து வந்தவை.

அறிகுறி: ஆண்பால்தான், ஆனாலும் ‘போ’, ‘நுவோ’, ‘வியே’ தவறு என்கிறார்கள்

அழகான, புதிய, பழைய என்னும் பொருளுள்ள இந்த மூன்றுக்கும் ஆண்பால் ஒருமையில் இரண்டாவது வடிவம் ஒன்று இருக்கிறது. உயிரொலியில் தொடங்கும் பெயருக்கு நேர் முன்னால் நிற்கும்போது அவை ‘பெல்’, ‘நுவெல்’, ‘வியேய்’ ஆகின்றன: ‘அன் பெலார்ப்ர்’, ‘அன் நுவெலொதெல்’, ‘அன் வியேயாமி’. ஒலியில் இவை பெண்பால் போலவே இருந்தாலும் எழுத்தில் பெண்பாலின் இரட்டை எல்லும் கடைசி ஈயும் இல்லை. மூன்று எல்லைகளை மறக்கக் கூடாது. பன்மையில் இந்த வடிவம் வராது. பெயருக்குப் பின்னாலோ ‘ஏ’ (இருக்கிறது) என்னும் வினைக்குப் பின்னாலோ வராது. எச் எழுத்தில் தொடங்கினாலும் புணர்ச்சிக்கு இடம் தராத ‘எரோ’ (வீரன்) போன்ற சொற்களுக்கு முன்னும் வராது, அங்கே ‘அன் போ எரோ’ என்றே நிற்கும்.

அறிகுறி: பன்மையில் எஸ் சேர்த்தும் பிழை

‘நசியோனால்’ போல ‘ஆல்’ என்று முடியும் ஆண்பால் சொற்கள் பன்மையில் ‘நசியோனோ’ என்று மாறி எக்ஸில் முடியும். பெண்பாலில் இந்த மாற்றம் கிடையாது, வழக்கமான ஈயும் எஸும் சேரும். இதைக் கற்ற வேகத்தில் ‘நவால்’ (கப்பல் சார்ந்த), ‘நத்தால்’ (பிறந்த இடம் சார்ந்த), ‘ஃபத்தால்’ (உயிர்போக்கும்), ‘பனால்’ (சாதாரணமான) ஆகியவற்றையும் மாற்றிவிடுவார்கள். அவை எஸ் மட்டுமே பெறும். ‘போ’, ‘நுவோ’ இரண்டும் பன்மையில் எக்ஸ் பெறுவதைப் பார்த்து ‘ப்ளே’ என்பதற்கும் எக்ஸ் போடுவது அடுத்த பிழை. நீலத்துக்கு எஸ்தான்.

அறிகுறி: பெயரடை தவறான பெயர்ச்சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது

வாக்கியம் நீளும்போது எழும் பிழை இது. தேர்ந்தவர்களும் இதில் விழுவதுண்டு. ‘சலாத் த ஃப்ருவி’ என்றால் பழக்கலவை. அதன்பின் ‘ஃப்ரே’ என்று ஆண்பால் பன்மையில் எழுதினால் பழங்கள் புதியவை என்று பொருள். ‘ஃப்ரேஷ்’ என்று பெண்பால் ஒருமையில் எழுதினால் கலவை குளிர்ச்சியாக இருக்கிறது என்று பொருள். இரண்டும் இலக்கணப்படி சரியானவை என்பதால் எந்த விதியும் உங்களைக் காப்பாற்றாது. எதைச் சொல்ல வருகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தமிழில் அடை தன் பெயருக்கு முன்னால் வருவதால் ‘புதிய பழங்களின் கலவை’ என்றும் ‘குளிர்ந்த பழக்கலவை’ என்றும் இடத்தாலேயே நாம் பிரித்துவிடுகிறோம். பிரெஞ்சு அந்த வேலையில் ஒரு பகுதியை இயைபிடம் ஒப்படைத்திருக்கிறது.

பெயர்ச்சொல் கண்ணுக்குத் தெரியாமல் சுட்டுப்பெயருக்குள் ஒளிந்திருப்பதும் உண்டு. கேள்விகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்து, ‘அவற்றைச் சுவையானவையாகக் கருதுகிறேன்’ என்னும் பொருளில் ‘ழ லே த்ரூவ் அந்தெரெசாந்த்’ என்று சொல்லும்போது, ‘லே’ என்பதற்குள் ‘கெஸ்தியோன்’ என்ற பெண்பால் பன்மை இருக்கிறது. பெயரடை ஈயும் எஸும் பெற வேண்டும். சுட்டுப்பெயரைக் கண்டால் அது குறிக்கும் பெயரை ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு பொருத்துவது நல்ல பழக்கம்.

ஒரு பெயரடைக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் பன்மை. இரண்டும் பெண்பாலாக இருந்தால் பெண்பால் பன்மை, ஒன்று மட்டும் ஆண்பாலாக இருந்தாலும் ஆண்பால் பன்மை. ‘ஒரு பாவாடையும் ஒரு காற்சட்டையும் வெள்ளை’ என்னும்போது ‘யூன் ழூப் ஏ அன் பாந்தலோன் பிளான்’ என்று ஆண்பால் பெயரைப் பெயரடைக்குப் பக்கத்தில் வைப்பது நயமான எழுத்து. மாற்றி வைத்தால் இலக்கணம் கெடாது, காதுக்கு உறுத்தும். இந்த விதி எப்போதும் இவ்வளவு கறாராக இருந்ததில்லை. அருகில் உள்ள பெயருக்கு ஏற்பப் பெயரடையைப் பொருத்தும் வழக்கம் பழைய பிரெஞ்சு எழுத்தில் பரவலாக இருந்தது. 1647இல் வோழ்லா என்னும் இலக்கண ஆசிரியர் ஆண்பாலே மேன்மையான பால் என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டில் போசே என்பவர், ஆண் பெண்ணைவிட உயர்ந்தவன் என்பதையே அதற்குக் காரணமாகக் காட்டினார். 2017 நவம்பரில் பிரான்சில் 314 ஆசிரியர்கள் ‘ஆண்பால் பெண்பாலை வெல்லும்’ என்ற விதியை இனிக் கற்பிக்க மாட்டோம் என்று கையெழுத்திட்டு அறிவித்தார்கள். அவர்களுடைய வாதம் எனக்கு ஏற்புடையதே. எனினும் தேர்வு எழுதுகிறவர் இப்போதைக்கு ஆண்பால் பன்மையையே எழுத வேண்டும்.

இதற்கு மறுபுறமாக, பன்மைப் பெயர் ஒன்றை இரண்டு பெயரடைகள் பங்கிட்டுக்கொள்வதும் உண்டு. ‘பிரெஞ்சு மொழியும் ஆங்கில மொழியும்’ என்பதை ‘லே லாங்க் ஃப்ரான்சேஸ் ஏ ஆங்கிளேஸ்’ என்று எழுதும்போது ‘லாங்க்’ பன்மை, பெயரடைகள் இரண்டும் ஒருமை. மொழிகள் இரண்டு, ஆனால் பிரெஞ்சு ஒன்றுதான், ஆங்கிலமும் ஒன்றுதான். இங்கே எஸ் சேர்ப்பது விதியை அளவுக்கு மீறிப் பின்பற்றியதன் விளைவு.

அறிகுறி: நிறங்கள் மட்டும் ஒழுங்குக்குள் வர மறுக்கின்றன

‘வேர்’, ‘நுவார்’, ‘ப்ளே’ போல நிறத்துக்கென்றே உள்ள பெயரடைகள் வழக்கம்போல் பொருந்தும். ஒரு பொருளின் பெயரை நிறத்துக்குக் கடன் வாங்கியிருந்தால் பொருந்தாது. ‘ஒரான்ழ்’ என்பது ஆரஞ்சுப் பழம், ‘மரோன்’ என்பது பிரான்சில் குளிர்காலத்தில் வறுத்து விற்கும் ஒருவகைக் கொட்டை. ஆகவே எத்தனை சட்டைகள் இருந்தாலும், எந்தப் பாலாக இருந்தாலும் அவை மாறுவதில்லை. பழுப்புக் கண்கள் ‘தேஸ் இயே மரோன்’ என்று எஸ் இல்லாமலே நிற்கும். இதற்கும் விலக்கு உண்டு: ‘ரோஸ்’, ‘மோவ்’ (வெளிர் ஊதா), ‘பூர்ப்ர்’ (கருஞ்சிவப்பு) முதலிய சில சொற்கள் பூ, சாயம் போன்றவற்றின் பெயரிலிருந்து வந்தவையாயினும் நீண்ட புழக்கத்தால் பெயரடைகளாகவே மாறிப் பன்மையில் எஸ் பெறுகின்றன.

நிறத்தை மேலும் ஒரு சொல்லால் குறுக்கினால் இரண்டும் உறைந்துவிடும். வெளிர்நீலச் சட்டைகள் ‘தே ஷெமீஸ் ப்ளே கிளேர்’ ஆகும்போது எதிலும் ஈயோ எஸோ இல்லை, ஏனெனில் ‘வெளிர்’ என்பது சட்டையைச் சாரவில்லை, நீலத்தைச் சார்ந்தது. பிரெஞ்சுக் கொடிகளைக் குறிக்கும் ‘ப்ளே, பிளான், ரூழ்’ என்ற மூன்றும் ஒருமையில் நிற்பதற்கும் இதையொத்த காரணமே உண்டு. ஒவ்வொரு கொடியிலும் மூன்று நிறங்களும் சேர்ந்திருக்கின்றன. எஸ் சேர்த்தால் சில கொடிகள் முழு நீலம், சில முழு வெள்ளை, சில முழுச் சிவப்பு என்று ஆகிவிடும்.

அறிகுறி: பொருத்தக் கூடாத இடத்தில் பொருத்திவிட்டேன்

விதி பழகிய பிறகு வரும் நோய் இது. ‘செ’ என்று தொடங்கும் வாக்கியத்தில் அதை நேரடியாகத் தொடரும் பெயரடை எப்போதும் ஆண்பால் ஒருமை. கடல் பெண்பால், ஆயினும் ‘செ போ, லா மேர்’ (அழகாக இருக்கிறது கடல்) என்றே சொல்ல வேண்டும். ‘லா மேர் ஏ பெல்’ என்று கடலையே எழுவாயாக்கினால்தான் பெண்பால் வரும். ‘கெல்க் ஷோஸ் த போன்’ (நல்லதாக ஏதாவது) என்பதில் ‘ஷோஸ்’ தனியாகப் பெண்பால் பெயர்ச்சொல் என்றாலும், இந்தத் தொடரில் அது பாலை இழந்துவிட்டதால் ஆண்பாலே வரும்.

சில பெயரடைகள் வினையைச் சார்ந்து வினையடையாக மாறிவிடும். ‘இந்த உடைகள் விலை கூடியவை’ என்பதில் ‘ஷேர்’ ஈயும் எஸும் பெறும். ‘இந்த உடைகளுக்கு விலை அதிகம் ஆகிறது’ என்று ‘கூத்’ என்னும் வினையோடு சொன்னால் அதே ‘ஷேர்’ எதுவும் பெறாது. மலர்கள் மணக்கும் வாக்கியத்தில் வரும் ‘போன்’, பெண் உரக்கப் பேசும் வாக்கியத்தில் வரும் ‘ஃபோர்’ ஆகியவையும் மாறாதவை. சோதனை எளிது: அந்தச் சொல் பொருளின் தன்மையைச் சொல்கிறதா, செயல் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறதா என்று கேட்டால் போதும். தமிழில் ‘ஆன’, ‘ஆக’ என்று நாம் பிரிக்கும் அதே எல்லைதான்.

அறிகுறி: ‘வூ’ வந்தால் ஒருமையா பன்மையா என்று தெரியவில்லை

‘வூ’ என்பது மரியாதைக்கு ஒருவரையும், பன்மையில் பலரையும் குறிக்கும். தமிழின் ‘நீங்கள்’ அப்படியே. வினை எப்போதும் பன்மையில் இருக்கும், பெயரடை உண்மை நிலையைச் சொல்லும். ஓர் ஆசிரியையிடம் ‘வூஸெத் ழாந்தீய்’ (நீங்கள் அன்பானவர்) என்று எழுதினால் பெண்பால் ஒருமை. பலரிடம் சொன்னால் எஸ் சேரும். ‘நாம்’ என்ற பொருளில் பேச்சில் வரும் ‘ஓன்’ இதற்கு எதிரானது: வினை ஒருமையில் நிற்கும், பெயரடை பொருளைப் பார்த்துப் பன்மையாகும். ‘நான்’ என்று எழுதும் பெண்கள் தங்கள் பெயரடைகளுக்கு ஈ சேர்க்க மறப்பதும் அடிக்கடி காணும் பிழை, ஏனெனில் ‘ழ’ என்ற சொல்லில் பால் தெரிவதில்லை.

அறிகுறி: எந்த விதிக்கும் அடங்காத சொல்

‘அரைமணி நேரம்’ என்னும்போது ‘தெமி’ (அரை) என்பது பெயருக்கு முன் சிறுகோட்டோடு வந்து மாறாமல் நிற்கும். ‘இரண்டரை மணி’ என்று பின்னால் வந்தால் ‘மணி’ பெண்பால் என்பதால் ஈ பெறும், நண்பகலுக்குப் பின்னால் வந்தால் பெறாது. பாட்டியைக் குறிக்கும் ‘கிரான்மேர்’ என்பதில் பெண்பால் பெயருக்கு முன் ‘கிரான்’ ஈ இல்லாமல் நிற்பது பிழையன்று. இலத்தீனில் அந்தப் பெயரடைக்கு இரு பாலுக்கும் ஒரே வடிவம்தான் இருந்தது, பழைய பிரெஞ்சிலும் அப்படியே இருந்தது, அந்த மிச்சம் இந்தச் சொல்லில் தங்கிவிட்டது.

எல்லாவற்றிலும் விசித்திரமானது மக்களைக் குறிக்கும் ‘ழான்’. அதற்கு நேர் முன்னால் வரும் பெயரடை பெண்பால், பின்னால் வருவது ஆண்பால். முதியவர்களை ‘லே வியேய் ழான்’ என்று பெண்பாலிலும் ‘லே ழான்ஸ் ஆழே’ என்று ஆண்பாலிலும் சொல்லலாம், இரண்டும் சரி. ஒரே வாக்கியத்தில் முன்னும் பின்னும் பெயரடை வைக்க நேர்ந்தால் ‘லே பெர்சோன்ஸ் ஆழே’ என்று சொல்லையே மாற்றிவிடுங்கள். ‘பெர்சோன்’ எப்போதும் பெண்பால் என்பதால் ஆழே என்பதற்கு ஈயும் எஸும் சேர்த்தால் வேலை முடிந்தது.